கை நனைக்காமல் ஒரு கடற்கரை

அயர்லாந்து போய்ச் சேர்ந்த நான்காம் நாள் காலையில், கண்டக்டர் இல்லாத ஒரு பஸ்ஸில் என்னையும் என் மனைவி செல்வியையும் ஏற்றிவிட்டாள் எங்கள் மகள் கவிதா. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். சாமை மூட்டை, புளி மூட்டை, கட்டிய கோழி, கட்டாத குடிகாரன் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியவன். இங்கே டிரைவரே டிக்கெட் பார்க்கிறார், டிரைவரே கதவைச் சாத்துகிறார், டிரைவரே மைக்கைப் பிடித்துக் கதையும் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த டிரைவரைப் பார்க்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கவிதா கால்வே என்ற ஊரில் நர்ஸ். போய் ஆறு வருஷம் ஆகிறது. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் கோனர் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையனை வந்த மறுநாளே பார்த்துவிட்டோம். கைகூப்பி வணக்கம் சொன்னான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான், என்னைவிட ஒரு முழம் உயரம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவனுடைய அப்பா மைக்கேல், மேற்குக் கடற்கரையைச் சுற்றிக் காட்டும் டூரிஸ்ட் பஸ்ஸின் டிரைவர்.

"ஒரு நாளு அவரு பஸ்லயே போய்ட்டு வாங்கப்பா. கடலையும் பாத்த மாதிரி இருக்கும், அவரையும் பாத்த மாதிரி இருக்கும். எனக்கு டூட்டி. சாயங்காலம் வர்றேன், அப்ப சொல்லுங்க. வேணாம்னாலும் சொல்லுங்க. ஆனா ஏன் வேணாம்னு காரணம் சொல்லணும்" என்றாள் கவிதா.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். காரணம்தான் இடித்தது. என்னிடம் இருந்த ஒரே காரணம், அவர் டிரைவர் என்பது. கண்டக்டராக இருந்தவர்களுக்கு இது புரியும். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்பார், படியில் தொங்குகிறவன் விழுந்தால் பழி நமக்கு. டிரைவர் டீ குடிக்கப் போய் அரைமணி நேரம் கழித்து வருவார், ஜனங்களிடம் திட்டு வாங்குவது நாம். முப்பது வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த முதுகுகளோடு சண்டை போட்டுவிட்டுப் பெண்ணையும் கொண்டுபோய் ஒரு டிரைவர் வீட்டில் கொடுப்பதா?

"வேற தேசம், வேற சாமி, வேற சோறு. அதெல்லாம் இவருக்குப் பரவால்லியாம். டிரைவர்னாதான் ஆவாதாம்" என்று செல்வி முந்தின இரவு சுவரைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் சுவர்தான் அவளுக்கு நெருங்கிய தோழி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசி முடிவாகும்வரை அங்கே கை நனைக்கக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம், அதோடு சரி. இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, 'யோசித்துச் சொல்கிறோம்' என்று இழுத்தால் ஊரில் மானம் போய்விடும். பஸ்ஸாக இருந்தாலும் அது மாப்பிள்ளை வீட்டு பஸ். ஆகவே இரண்டு டப்பா புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம்.

அந்தப் பை கால்வே பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிட்டது. தவறு என்னுடையதுதான். வயசான அமெரிக்கத் தம்பதி ஒன்று மடக்கும் சக்கர நாற்காலியை ஏற்றத் திணறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கைக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை ஏற்றினேன், யாரோ ஒரு அம்மாவின் குழந்தை வண்டியை ஏற்றினேன், வரிசையை ஒழுங்குபடுத்தினேன், கடைசி ஆளாக நானும் ஏறினேன். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் மடி காலியாக இருப்பது உறைத்தது.

"மூட்டைய ரோட்ல உட்டுட்டு வண்டி ஏறுன கண்டக்டர இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் செல்வி. இந்தத் தடவை சுவர் இல்லாததால் ஜன்னலைப் பார்த்து.

மைக்கேலுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆறடி, சிவந்த முகம், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தார். வண்டி எடுப்பதற்கு முன்பே என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டியிருந்தார். நல்ல கறுத்த டீ, மேலே பால். வாசனை ஆளைத் தூக்கியது. "நோ, தேங்க்ஸ்" என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு டீயைத் திரும்ப பிளாஸ்கிலேயே ஊற்றி மூடியைத் திருகிவிட்டார். ஊற்றியதைத் திரும்ப ஊற்றுகிறாரே, கஞ்சன் போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு காரணத்தைக் குறித்துக்கொண்டேன்.

என் இங்கிலீஷ் சில்லறை கேட்கும் அளவுக்கு ஆனது. அவருடைய இங்கிலீஷோ பாட்டு மாதிரி ஏறி இறங்கியது. ஆனாலும் மைக்கில் அவர் சொன்னது புரிந்தது. "இன்று நம்மோடு இந்தியாவிலிருந்து ஒரு பஸ்காரர் வந்திருக்கிறார். மலையில் ஓடுகிற பஸ். அதனால் நான் ஒழுங்காக ஓட்டியாக வேண்டும்." பஸ் முழுக்கக் கைதட்டியது. செல்வி எழுந்து நின்று கும்பிட்டாள். எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துதான் போயிற்று, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வெளியே ஒரே பச்சை. பச்சைக்கு நடுவே கல் அடுக்கிய வேலிகள். சாந்து கிடையாது, மண் கிடையாது, கல்மேல் கல் அவ்வளவுதான். எங்கள் மலையிலும் சாமைக்காட்டைச் சுற்றி இப்படித்தான் அடுக்குவார்கள். ஆனால் அங்கே வேலி இருந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பான், பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவான். இங்கே மணிக்கணக்காகப் போனாலும் ஆடுதான். முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய ஆடுகள், பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆடுகள். கை காட்ட ஒரு ஆள் இல்லாத ரோட்டில் என்ன உத்தியோகம் பார்ப்பது என்று தோன்றியது.

முதல் நிறுத்தம் கடலோரத்தில் இடிந்து நின்ற ஒரு சின்னக் கோட்டை. பக்கத்தில் ஒரு தின்பண்டக் கடை. காசு கொடுத்து எதையாவது வாங்கித் தின்றால் கட்டுப்பாடு மீறியதாகாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் மைக்கேலைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தார். சித்தப்பா மகனாம். மைக்கேல் ஒரு தட்டில் ஸ்கோன் வைத்து என்னிடம் நீட்டினார். நம்மூர் பன்னுக்குப் பெரியண்ணன் மாதிரி இருந்தது, மேலே வெண்ணெய், அதற்குமேல் ஜாம். "நோ, தேங்க்ஸ்." தட்டு அப்படியே திரும்பிப் போயிற்று.

செல்வி பாத்ரூம் போகிறேன் என்று போனவள் கால்மணி நேரம் கழித்து வந்தாள். உதட்டோரம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இன்னா அது?"

"காத்துல மண்ணுங்க. இன்னா காத்து, இன்னா காத்து" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பசியில் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மத்தியானம் ஒரு மீனவ கிராமத்தில் நிறுத்தினார். இங்கே கண்டிப்பாகக் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிடுவது என்ற முடிவோடு இறங்கினேன். ஹோட்டல் வாசலிலேயே ஒரு அம்மாள் ஓடிவந்து செல்வியைக் கட்டிக்கொண்டார். மைக்கேலின் அக்கா. ஹோட்டல் அவருடையது, மாடியில் வீடு. போயும் போயும் மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தேன். இந்தக் கடற்கரையில் மைக்கேலுக்குச் சொந்தமில்லாத அடுப்பு ஒன்றாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் மலையிலும் இதே கதைதான். எந்த ஊரில் இறங்கி யாரைத் திட்டினாலும் அவன் இன்னொருவனுக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பான்.

மைக்கேலே சமையலறையிலிருந்து கொண்டுவந்து வைத்தார். பாலில் மீனும் உருளைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, ஆவி பறந்தது. பக்கத்தில் களி நிறத்தில் ரொட்டி. என் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. வேறு வழியில்லாமல் பொய் சொன்னேன். "இன்று எனக்கு விரதம்." அக்காவின் முகத்தில் அப்படி ஒரு மரியாதை வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் தாங்களும் இருப்பதாகச் சொல்லி, எனக்கு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். மைக்கேல் பஸ்ஸைத் துடைக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். பக்கத்து மேஜையில் ஒரு பெண் தன் புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள், "அந்த மனிதர் அழப்போகிறார் என்று நினைக்கிறேன்." அவள் சொன்னது எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என்னைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாறை முனை. எல்லோரும் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நின்ற இடத்தோடு நிலம் முடிந்து, நேர் கீழே கடல் கிடக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. வாசலில் மைக்கேலின் அக்கா மகன் ஐஸ்கிரீம் வண்டி வைத்திருந்தான். அந்தக் குளிரில் மைக்கேல் ஒரு கோன் ஐஸ் வாங்கி வந்து நீட்டினார். மறுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த அந்த அமெரிக்க அம்மாவிடம் போய்க் கொடுத்துவிட்டார்.

எங்கள் மலையிலும் பள்ளம் உண்டு. மலைவளைவில் நின்று பார்த்தால் கீழே ஒரு ஊர் தெரியும், புகை தெரியும், நாய் குரைப்பது கேட்கும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு அப்பால் அமெரிக்காதான் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிரைவர், கஞ்சன், சொந்தக்காரர் கூட்டம் என்று காலையிலிருந்து நான் சேர்த்துவைத்த காரணம் எல்லாம் அங்கே காற்றோடு போய்விட்டது. மிச்சம் நின்றது பயம் ஒன்றுதான். இந்தக் கல்யாணம் நடந்தால் என் பெண் எங்கள் ஊர் ஒடுகத்தூருக்கு இனி விருந்தாளியாகத்தான் வருவாள்.

"அவ திரும்பி வர மாட்டா இல்ல?" என்றேன்.

செல்வி இந்தத் தடவை என்னைப் பார்த்தே சொன்னாள். "அவ போயி ஆறு வருஷம் ஆச்சுங்க. நீங்கதான் இன்னும் பஸ் ஸ்டாண்ட்லயே நின்னுனு கீறீங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களுக்குக் காற்று என்று சொல்ல வசதியாக இருந்தது.

திரும்பி ஏறும்போது மைக்கேல் படிக்கட்டில் நின்றபடி ஒரு சாக்லேட்டை நீட்டினார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு சீட்டுக்குப் போய்விட்டேன். மைக்கேல் அந்தச் சாக்லேட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வினை அதற்குப் பிறகு வந்தது. தூறல் பிடித்துக்கொண்டது. ரோடு ஒரு பஸ் அகலம், அதற்குமேல் ஒரு சாண். இடதுபக்கம் கல்வேலி, வலதுபக்கம் கடலுக்கு இறங்கும் சரிவு. ஒரு வளைவில் எதிரே புல்கட்டு ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர் இருப்பதால் டிராக்டர் பின்வாங்க முடியாது. நாங்கள்தான் போக வேண்டும், ஒதுங்கும் இடம்வரை நூறு அடி. பின்னால் காட்டும் காமிராவில் சேறு அப்பிக்கொண்டு திரை முழுக்கக் கறுப்பு. முன்சீட்டில் இருந்த எனக்கு மைக்கேலின் பின்கழுத்து தெரிந்தது, வேர்த்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கடல்பக்க ஜன்னலிலிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு உட்கார முடியவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி இறங்கிவிட்டேன். "இன்னாங்க, எங்க போறீங்க? மழை!" என்று செல்வி கத்தியது காதில் விழுந்தது. பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் இடம் இருந்தது, தாராளமாக இல்லை.

எங்கள் வண்டியில் விசில். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. என்னிடம் விசில் இல்லை. இந்த மனிதருக்கு அது புரியுமா என்று யோசிக்க நேரமும் இல்லை. உள்ளங்கையால் பஸ்ஸின் முதுகில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

பஸ் பின்னால் நகர்ந்தது.

ஒன்று தட்டினேன். நின்றது. இரண்டு. நகர்ந்தது. வேலிப்பக்கம் ஓடி ஒரு கண், சரிவுப்பக்கம் ஓடி ஒரு கண். ஒன்று, நின்றது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தட்டுக்கு அந்த இடத்திலேயே நிற்கிற டிரைவர் அபூர்வம். நின்றாலும் இரண்டடி கூடப் போய்த்தான் நிற்பார்கள், நான்தான் டிரைவர் என்று காட்டுவதற்கு. மைக்கேல் ஒவ்வொரு தடவையும் தட்டிய கை எடுப்பதற்குள் நின்றார். ஒரு இடத்தில் பின்சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவே என் செருப்பு அகலம்தான் இருந்தது. ஒரு தட்டு. ஒரு அங்குலம் கூட அசையவில்லை. பார்க்க முடியாத இடத்தில் நின்று நான் சொன்னதை அந்த மனிதர் அப்படியே நம்பினார். ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியபோது நான் முழுக்க நனைந்திருந்தேன். டிராக்டர்காரர் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் எல்லோரும் ஊய் ஊய் என்று கத்தினார்கள். மழை விட்டிருந்ததால் கொஞ்சநேரம் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் மைக்கேல். அவர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பஸ்ஸில் கண்டக்டர் இருந்தார்" என்றார். "ஒரு மணி அடித்தால் நில், இரண்டு மணி அடித்தால் போ. அவரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நானேதான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருக்கும் அந்தப் படிக்கட்டு போதவில்லை. அவர் மடியில் ஒரு தகர டப்பா இருந்தது, சாப்பாட்டு டப்பா. மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். திறக்கவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. காலையிலிருந்து விடாமல் நீட்டிக்கொண்டிருந்த மனிதர் ஓய்ந்து போயிருந்தார்.

"கொடுங்கள்" என்றேன். புரியவில்லையோ என்று டப்பாவைத் தொட்டுக் காட்டி, வாயையும் காட்டினேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூடியைத் திறக்க இரண்டு தடவை முயன்றார், மூன்றாவது தடவைதான் திறந்தது. உள்ளே முட்டை வைத்த ரொட்டி, அவர் மனைவி விடியற்காலையில் எழுந்து செய்து கொடுத்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அமிர்தமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். உப்பு இல்லை, காரம் இல்லை, சில்லென்று இருந்தது. நான் பாட்டுக்குத் தின்றேன்.

விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், மைக்கேல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி டப்பாவில் கையை விட்டு ஒரு ரொட்டியை எடுத்து, மூன்றே கடியில் முடித்துவிட்டார். நாள் பூரா பட்டினி கிடந்தவன் தின்கிற தீனி அது. எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தேன்.

"மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லையா?"

"காலையிலிருந்தே இல்லை" என்றார் வாய் நிறைய ரொட்டியோடு. "கோனர் சொல்லியிருந்தான். பெண்ணின் அப்பா சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாவிட்டால் இல்லை. வாய்விட்டுக் கேட்கக் கூடாது, அது மரியாதை இல்லை என்றான். அதனால் சாப்பாட்டை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தேன். உங்கள் மனைவி முதல் நிறுத்தத்திலேயே இரண்டு ஸ்கோன் சாப்பிட்டுவிட்டார். சொல்லிவிடாதே என்று சைகை காட்டினார். நீங்கள் தொடவே இல்லை. விரதம் என்று நீங்கள் சொன்னபோது, விரதம்தான் என்று நம்பப் பார்த்தேன்."

"சரி, நீங்கள் ஏன் சாப்பிடவில்லை?"

"என் மகனுக்காகக் கேட்க வந்தவன் நான். பதில் வருவதற்குள் எனக்கு எப்படி இறங்கும்?"

டீ, ஸ்கோன், மீன்கஞ்சி, ஐஸ், சாக்லேட். ஐந்து தடவை இந்த மனிதர் என்னிடம் பெண் கேட்டிருக்கிறார். ஐந்து தடவையும் அவர் முகத்தைப் பார்த்து, சிரித்தபடி, வயிற்றைத் தடவிக்கொண்டு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அத்தனைக்குப் பிறகும் வெறும் வயிற்றோடு பஸ்ஸை எடுத்து, ஒரு வளைவில் கூட வண்டியை உலுக்காமல் ஓட்டி வந்திருக்கிறார். வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம் என்றாலே அந்தக் கோபத்தைப் பிரேக்கில் காட்டுகிற டிரைவர்களோடுதான் நான் காலம் தள்ளியிருந்தேன்.

டப்பாவில் கடைசியாக ஒரு ரொட்டி மிச்சம் இருந்தது. அதை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைச் சம்பந்தியிடம் நீட்டினேன்.